ஏழு பூட்டு, ஐம்பது சாவி

ஜனவரி 5, திங்கள்

அரையாண்டு விடைத்தாள் கட்டைத் தாளாளர் மேசையில் வைத்துவிட்டு நின்றேன். உட்காரச் சொல்லவில்லை. இருபத்தொரு வருடமாகச் சொன்னதில்லை, எனவே வருத்தமும் இல்லை. போன வருடம் பன்னிரண்டாம் வகுப்பில் ஒரே ஒருத்தி உயிரியலில் கோட்டை விட்டதால், 'நூற்றுக்கு நூறு தேர்ச்சி' என்று அடித்து வைத்திருந்த ஃபிளெக்ஸைச் சுருட்டி சைக்கிள் ஷெட் கூரையில் போட்டார்கள். அதன் நிழலில்தான் இப்போது என் வண்டி நிற்கிறது.

இந்த வருடப் பதினொன்றாம் வகுப்பில் முப்பத்திரண்டு பேர். மதிப்பெண் பட்டியலின் அடியில் தாளாளர் சிவப்புப் பேனாவால் இரண்டு எண்களைச் சுழித்திருந்தார்.

"ரெண்டுல ஒண்ணாவது பிளஸ் டூவுக்கு முன்னாடி போயிரணும் சார். நாம அனுப்புனதா இருக்கக்கூடாது. அவங்களா வந்து டி.சி. கேக்கணும். எதுன்னு நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க. நீங்க நியாயமான ஆளு."

ஒன்று 24, சங்கவி. இன்னொன்று 27. இந்த 27ஆம் எண்தான் இன்று காலை என் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தது. தாளாளர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் "சரிங்க சார்" என்றேன்.

ஜனவரி 6, செவ்வாய்

ரெஜினாவிடம் அடுப்படியில் வைத்துச் சொன்னேன். தோசைத் திருப்பியைக் கீழே வைத்துவிட்டு, "நம்ம ஷெரினையா?" என்று கேட்டாள். "ரெண்டுல ஒண்ணுன்னுதான் சொன்னாரு. நம்ம பிள்ளையா இருக்கணும்னு அவசியமில்ல," என்றேன். தோசை கருகிவிட்டது. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. ஷெரின் தலையைத் துவட்டியபடி வந்து கருகிய தோசையையே எடுத்துச் சாப்பிட்டாள்.

ஜனவரி 9, வெள்ளி

ஒரு யோசனை. பிப்ரவரியில் மதுரையிலிருந்து ஒரு அறக்கட்டளைக் குழு வருகிறது. புதிய கற்பித்தல் முறைக்கு விருது தருகிறார்களாம். என்னிடம் ஒரு முறை இருக்கிறது.

ஆய்வகம் முழுவதும் ஒரு செல். கதவுதான் செல் சவ்வு. உள்ளே ஏழு பெட்டிகள்: மைட்டோகாண்ட்ரியா, ரைபோசோம், லைசோசோம் என்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு பூட்டு, பூட்டின் மேல் ஒட்டிய ஒரு கேள்வி. விடை ஓர் எண்ணாக இருக்கும். ஐம்பது சாவிகள் கோத்த கொத்தில் அந்த எண்ணுள்ள சாவிதான் அந்தப் பூட்டைத் திறக்கும். மனித உடல் செல்லில் குரோமோசோம் எத்தனை? நாற்பத்தாறு. நாற்பத்தாறாம் சாவியை எடு. ஏழையும் நாற்பது நிமிடத்தில் திறந்தால் கடைசிப் பெட்டியில் கதவுச் சாவி இருக்கும். எல்லாரும் தப்பிக்கலாம். இது முழுக்க முழுக்கக் கல்விக்காக யோசித்தது. வேறு எதற்காகவும் இல்லை.

திண்டுக்கல்லில் இருந்துகொண்டு பூட்டுக்கு அலைவானேன்? வகுப்பில் சங்கவியை எழுப்பினேன்.

"உங்கப்பா பூட்டுப் பட்டறைலதானே இருக்காரு?"

"ஆமா சார், நல்லாம்பட்டில." இந்த வருடத்தில் அவள் சரியாகச் சொன்ன முதல் பதில். முகமெல்லாம் பல்.

ஜனவரி 12, திங்கள்

சங்கவியின் அப்பா வெள்ளைச்சாமி வந்தார். மஞ்சள் பையில் ஏழு பூட்டு, ஐம்பது சாவி. ஒவ்வொரு சாவியிலும் ஒரு தகர வில்லை, அதில் எண் பொறித்திருந்தது. நேற்று முழுநாளும் உட்கார்ந்து அராவினாராம். விரல் நுனியெல்லாம் கறுப்பு. என் மேசைமேல் கை வைக்காமல் தள்ளியே நின்று பேசினார்.

"பிள்ளைக படிப்புக்குன்னு பாப்பா சொல்லுச்சு சார். நல்லாப் படிக்குதுங்களா?"

"முயற்சி பண்றா," என்றேன்.

டீ சொல்லியிருந்தேன். வரவில்லை. அவர் போன பிறகு வந்தது, நான் குடித்தேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். கேஸ் சிலிண்டர் தீர்ந்து பாதியில் நின்றது. பக்கத்து வீட்டில் வாங்கி முடித்தோம். ஷெரினுக்கு சாவி எண்களை வரிசையாகச் சொல்லிக் கொடுத்தேன்: 2, 9, 23, 36, 46, 12, 50. அவள் ஆர்வமாகக் கேட்டதால் சொன்னேன். ஆர்வமாகக் கேட்டாள் என்றுதான் நினைக்கிறேன். தட்டைப் பார்த்துக்கொண்டே திருப்பிச் சொன்னாள்.

ஜனவரி 20, செவ்வாய்

முதல் ஆட்டம். ஷெரினைத் தலைவியாக, அதாவது நியூக்ளியஸாகப் போட்டேன். பள்ளிக்கூடத்தில் என்னை 'சார்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று ஆறாம் வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன், அதனால் பாரபட்சம் என்று யாரும் பேச இடமில்லை. சங்கவிக்கு நுண்குமிழ்ப் பை. ஒரு பையைப் பிடித்துக்கொண்டு மூலையில் நிற்பதுதான் அதன் வேலை.

ஷெரின் முதல் இரண்டு பூட்டைக் கேள்வியைப் படிக்காமலே திறந்தாள். நான் கைதட்டினேன், வேறு யாரும் தட்டவில்லை. மூன்றாவதில் தடுமாறினாள். அப்போது மூலையிலிருந்து சங்கவி வந்து, பூட்டின் துவாரத்தில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, கொத்திலிருந்து ஒரு சாவியை உருவினாள். திறந்தது. அடுத்ததும் திறந்தது. ஏழும் திறந்தன. மொத்தம் பதினோரு நிமிடம்.

வகுப்பு கூச்சல் போட்டது. நான் விசில் ஊதினேன்.

"கேள்விய யாராவது படிச்சீங்களா?"

"படிக்கல சார்," என்றாள் சங்கவி. "சாவிப் பல்லப் பாத்தாலே தெரியும் சார். எங்கப்பா அராவுனதுதானே."

"இதுக்குப் பேரு என்ன தெரியுமா? திருட்டு. பூட்டக் கள்ளத்தனமாத் திறக்கிறவன திருடன்னுதான் சொல்லுவாங்க. செல் இப்படித் திறக்காது."

பின் பெஞ்சில் ஒருவன் "கள்ளச்சாவி" என்றான். சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. இனி அவள் பெயர் அதுதான். வெற்றி செல்லாது என்று அறிவித்து, எல்லாருக்கும் ரெக்கார்டு நோட்டில் இருபது படம் கூடுதலாக வரையச் சொன்னேன். யாரால் என்பதையும் சொன்னேன்.

ஜனவரி 21, புதன்

புதிய விதி ஒன்று சேர்த்தேன். செல் தன் கழிவை சவ்வு வழியே வெளியே தள்ளும். அதுபோல் நேரம் போதாதபோது குழு ஓட்டுப் போட்டு ஒருவரை வெளியே அனுப்பலாம். அனுப்பினால் ஐந்து நிமிடம் கூடுதல். பாடத்தோடு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது என்று எனக்கே வியப்பாக இருந்தது. வண்டிக்கு ஆயில் மாற்றினேன்.

ஜனவரி 23, வெள்ளி

இரண்டாவது ஆட்டம். சாவிகளை சங்கவி தொடக்கூடாது என்று முன்னமே சொல்லிவிட்டேன். முப்பத்தைந்தாவது நிமிடத்தில் நான்கு பூட்டுதான் திறந்திருந்தது. ஓட்டுச் சீட்டு கொடுத்தேன்.

"பேர் வேண்டாம், வரிசை எண் மட்டும் எழுதுங்க. யாருக்கும் பயப்படாதீங்க. செல்லுக்கு யாரு உதவாதவங்கன்னு உங்க மனசுக்குப் படுதோ, உண்மைய எழுதுங்க."

முப்பத்திரண்டு சீட்டு. முப்பத்தொன்றில் 24. சங்கவியும் தனக்கே போட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று முதலில் நினைத்தேன். பிறகு அந்த ஒற்றைச் சீட்டைப் பிரித்தேன். 27.

புரிந்துவிட்டது. சங்கவி வஞ்சம் தீர்த்திருக்கிறாள். அப்பன் பூட்டைக் கொடுத்தான் என்ற திமிர். இப்படிப்பட்ட பிள்ளைக்காகவா நான் மனம் சங்கடப்பட்டேன்? அந்தச் சீட்டை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. "முப்பத்தொண்ணு, ஏகமனதா," என்று அறிவித்தேன். சங்கவி பையை மேசைமேல் மடித்து வைத்துவிட்டு வெளியே போனாள்.

சீட்டை ஆதாரத்துக்காக இந்தப் பக்கத்தில் ஒட்டி வைக்கிறேன். 7இன் நடுவில் ஒரு குறுக்குக்கோடு இருக்கிறது. மதிப்பெண் போடும்போது ஒன்றோடு குழம்பாமல் இருக்க நான் அப்படித்தான் எழுதுவேன். கரும்பலகையைப் பார்த்துப் பிள்ளைகளும் பழகிக்கொள்வார்கள்.

ஜனவரி 28, புதன்

மூன்றாவது ஆட்டம். இம்முறை பத்தாவது நிமிடத்திலேயே ஓட்டு கேட்டார்கள். நேரம் நிறைய இருந்தது, இருந்தும் கேட்டார்கள். பூட்டைத் திறப்பதைவிட அதில்தான் பிள்ளைகளுக்கு விருப்பம். சீட்டைக்கூட எழுதவில்லை. "கள்ளச்சாவி, கள்ளச்சாவி" என்று மேசையைத் தட்டினார்கள். ஷெரின் தட்டவில்லை. தலைவி என்பதால் அடக்கமாக இருக்கிறாள்.

வராந்தாவில் சங்கவி சுவரோடு சாய்ந்து நின்றாள். மணி அடித்ததும் என்னிடம் வந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"சார், ஒரு டவுட்டு. செல்லுக்குள்ள எது கழிவு, எது வேணுங்கிறதுன்னு யாரு சார் முடிவு பண்றது?"

நல்ல கேள்விதான். அதற்கு விடையும் இருக்கிறது. செல் ஒவ்வொரு பொருளுக்கும் அடையாளம் போட்டுத்தான் அனுப்புகிறது, பாடத்தில் அந்தப் பக்கத்தை நான் நடத்தாமல் விட்டிருந்தேன்.

"போர்ஷன்ல இல்லாததக் கேக்காத," என்றேன்.

ஜனவரி 30, வெள்ளி

சங்கவி வரவில்லை.

பிப்ரவரி 2, திங்கள்

வரவில்லை. வீட்டு மாடித் தொட்டியில் பாசி. அரை நாள் விடுப்புப் போட்டுத் தேய்த்தேன். முட்டி வலி.

பிப்ரவரி 3, செவ்வாய்

வெள்ளைச்சாமி வந்தார். இந்த முறையும் தள்ளியே நின்றார்.

"பாப்பா போமாட்டேங்குது சார். சோறு எறங்கல. என்னமோ பேரு வச்சுக் கூப்புடறாங்களாம். நீங்க கொஞ்சம் கண்டிச்சு விட்டீங்கன்னா..."

கண்டிக்கலாம்தான். ஒரு வார்த்தை போதும், நாளைக்கே நிறுத்திவிடுவார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்தேதான் இதை எழுதுகிறேன்.

"பிள்ளைங்க மனசு அண்ணே," என்றேன். அவரை அண்ணே என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "ஒரு தடவ ஒட்டாமப் போச்சுன்னா பெறகு ஒட்டாது. கவர்ன்மென்ட் ஸ்கூல்ல நல்லாச் சொல்லிக் குடுக்கிறாங்க. புதுசா ஆரம்பிக்கட்டும். அவ நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். கிளார்க் பாண்டியம்மாள் வெள்ளைத்தாள் கொடுத்தார். நான் சொல்லச் சொல்ல வெள்ளைச்சாமி எழுதினார். 'குடும்பச் சூழ்நிலை காரணமாக, என் சொந்த விருப்பத்தின் பேரில், என் மகளுக்கு மாற்றுச் சான்றிதழ் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பள்ளி நிர்வாகத்தின் மீதோ ஆசிரியர்கள் மீதோ எனக்கு எந்தக் குறையும் இல்லை.' 'குறையும் இல்லை' என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினார். மை தீர்ந்துவிட்டதோ என்று என் பேனாவை நீட்டினேன். வாங்காமல் தன்னுடையதாலேயே எழுதி முடித்தார்.

"பூட்டெல்லாம் எடுத்துட்டுப் போறீங்களா?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும் சார். பிள்ளைக படிக்கட்டும்."

தாளாளர் என்னை உட்காரச் சொன்னார். இருபத்தொரு வருடத்தில் முதல் முறை. நாற்காலி ஒரு காலில் ஆடியது.

பிப்ரவரி 4, புதன்

ரெஜினா மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். ஷெரினிடம், "இனி உனக்கு ஒரு பயமும் இல்ல," என்றேன். "எனக்கு என்ன பயம்?" என்று கேட்டாள். பட்டியலைப் பற்றி அவளுக்குத் தெரியாது, பாவம்.

பிப்ரவரி 12, வியாழன்

குழு வந்தது. மூன்று பேர். அதில் ஓய்வுபெற்ற பேராசிரியை ஒருவர், கறுப்புப் பார்டர் வைத்த வெள்ளைப் புடவை. தாளாளர் சந்தன நிறச் சட்டை. எல்லாம் தயாராக இருந்தது. முப்பத்தொரு பிள்ளைகள், ஏழு பூட்டுகள், முன்னால் ஷெரின்.

பேராசிரியை சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு. ஆனா பிள்ளைங்க வரிசைய மனப்பாடம் பண்ணிருக்கலாமே," என்று தன் கையாலேயே பூட்டுகளைக் கழற்றிப் பெட்டிகளுக்கு மாற்றி மாற்றிப் போட்டார். கேள்வி பூட்டில்தானே ஒட்டியிருக்கிறது, படித்தால் போதும். படித்தால் போதும்.

ஷெரின் படிக்கவில்லை. நேரே முதல் பெட்டிக்குப் போய் 2ஆம் சாவியை நுழைத்தாள். திரும்பவில்லை. அழுத்தித் திருகினாள். சாவி பல்லோடு முறிந்து உள்ளேயே நின்றுவிட்டது. அதை எடுக்கத் தெரிந்த ஒரே பிள்ளை இந்தப் பள்ளிக்கூடத்தில் இல்லை.

"அந்தப் பூட்டுல என்ன கேள்வி இருக்கும்மா?" என்றார் பேராசிரியை.

"மனித விந்தணுவுல எத்தனை குரோமோசோம்," என்று ஷெரின் படித்தாள்.

"எத்தனை?"

ஷெரின் என்னைப் பார்த்தாள். நான் உதட்டை அசைத்தேன், அவளுக்குத் தெரியவில்லை. வரிசையில் 2க்கு அடுத்ததைச் சொன்னாள். "ஒன்பது."

சிரிப்பு பின் பெஞ்சில் கிளம்பி முன் வரிசைக்கு வந்து தாளாளர் வரை போனது.

முப்பதாவது நிமிடம் ஒருவன் கையைத் தூக்கினான். "சார், ஓட்டு."

"இன்னைக்கு ஓட்டு வேண்டாம். நேரம் இருக்கு," என்றேன்.

"விதின்னா விதிதான் சார்," என்றார் தாளாளர். பேராசிரியை ஆர்வமாகக் குறிப்பேட்டைத் திறந்தார்.

முப்பத்தொரு சீட்டு. விருந்தினர் முன்னால் நானே பிரித்து நானே படிக்க வேண்டியிருந்தது. இருபத்தேழு. இருபத்தேழு. இருபத்தேழு. பத்தாவது சீட்டில் யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு மேலும் படித்தேன். கடைசிச் சீட்டுவரை ஒரே எண். நான் முடிக்கும் முன்பே ஷெரின் கதவைத் திறந்து வராந்தாவுக்குப் போயிருந்தாள். சங்கவி சாய்ந்து நின்ற அதே சுவர்.

கூடுதல் ஐந்து நிமிடத்தில் மற்ற ஆறு பூட்டையும் திறந்தார்கள். கேள்வியைப் படித்துத் திறந்தார்கள். பாடம் எல்லாருக்கும் வந்துவிட்டது. விருது எனக்குத்தான்.

பிப்ரவரி 13, வெள்ளி

தாளாளர் சான்றிதழைச் சட்டம் போட்டே வைத்திருந்தார். கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"ஒண்ணாவது போகணும்னுதான் நான் சொன்னேன். இப்ப ரெண்டாவதையும் வகுப்பே சொல்லிருச்சு. விருந்தாளிங்க முன்னால நடந்துபோச்சு, நானும் என்ன பண்றது? நீங்க நம்ம ஸ்டாஃபு, உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்ல."

"சார், அது ஒரு விளையாட்டு," என்றேன்.

"அப்ப முதல்ல போன பிள்ளைக்கு?"

அலுவலகத்துக்குப் போனேன். பாண்டியம்மாள் வெள்ளைத்தாளோடு ஒரு கடிதத்தையும் கோப்பிலிருந்து எடுத்து வைத்தார். "எப்பிடி எழுதணும்னு இதப் பாத்துக்கங்க சார். பேர மட்டும் மாத்திக்கிட்டாப் போதும்."

வெள்ளைச்சாமி எழுதிய கடிதம். கையெழுத்து கோணலாக இருக்கும் என்று அன்று நினைத்திருந்தேன். இல்லை, அளவு பார்த்து அராவியது போல ஒவ்வொரு எழுத்தும் ஒரே உயரம். என் சொந்த விருப்பத்தின் பேரில் என்று எழுதினேன். 'எந்தக் குறையும்' வரை வந்ததும் பேனா தானாக நின்றது. பாண்டியம்மாள் தன் பேனாவை நீட்டினார்.

பிப்ரவரி 15, ஞாயிறு

ரெஜினா கோயிலுக்குத் தனியாகப் போயிருக்கிறாள். என்னைக் கூப்பிடவில்லை. இரண்டு நாளாக இந்த வீட்டில் குக்கர் மட்டும்தான் சத்தம் போடுகிறது.

வியாழக்கிழமைச் சீட்டுகள் சட்டைப் பையில் அப்படியே இருந்தன. துவைக்கப் போடும்போதுதான் பார்த்தேன். ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினேன். ஓட்டுப் போட்டவர்களில் ஷெரினும் ஒருத்தி, ஆக இதில் ஒரு சீட்டு அவளுடையது. முப்பது சீட்டில் 7 வெறும் 7. ஒன்றில் மட்டும் நடுவில் குறுக்குக்கோடு.

ஜனவரி 23ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பினேன். ஒட்டிய சீட்டின் அருகில் இதை வைத்தேன். அதே கோடு, அதே சாய்வு. யு.கே.ஜி.யில் கையைப் பிடித்து நான்தான் எழுத வைத்தேன். அன்றைக்கே எனக்குத் தெரியும். பார்த்த நொடியே தெரியும். தெரியாது என்று எழுதினால்தான் இரவு தூக்கம் வரும் என்பதால் கரும்பலகை, பிள்ளைகள் என்று என்னென்னவோ எழுதி வைத்திருக்கிறேன். சங்கவி தன் எண்ணைத்தான் எழுதியிருக்கிறாள். வஞ்சமெல்லாம் நான் வைத்தது.

ஷெரின் கூடத்தில் புது யூனிஃபார்முக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு கவர்ன்மென்ட் ஸ்கூல். சங்கவி சேர்ந்திருக்கும் அதே பள்ளி, அதே வகுப்பு. இரண்டு சீட்டையும் அவள் முன்னால் வைத்தேன்.

"இது நீ எழுதுனதா?"

"ஆமா."

"அன்னைக்கும் நீதானா? எதுக்கு?"

ஊசியை நிறுத்தாமல் சொன்னாள். "ரெண்டுல ஒண்ணுன்னு அம்மாட்டச் சொன்னீங்க. அவளுக்குச் சாவியாவது தெரியும். எனக்கு ஒண்ணும் தெரியாது. உண்மைய எழுதுங்கன்னு சொன்னீங்க, எழுதுனேன்."

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கதான் அத எண்ணல, சார்."